கயிற்று நீளத்துக்கு அந்தாண்ட

அந்த ஆளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல் என்றால் என்னால் முடியாது. அவர் மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. செத்தவர் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். என் புருஷன் செத்துப் பதினாலு வருஷம் ஆகிறது, அவன் மேலேயே எனக்கு இன்னும் கோபம் போகவில்லை. இவர் எம்மாத்திரம்.

செலியமேட்டில் ஒரு வீடு. அந்த வீட்டு கேட்டுக்கு வெளியே அவர் வருஷக்கணக்காக நின்றார். ஒரு நாள்கூட உள்ளே போகவில்லை. என் கோபம் அதுதான்.

பெயரை எழுத மாட்டேன். வில்லியனூரிலிருந்து பாகூர் வரைக்கும் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. "அந்தாண்ட" என்பார்கள். "தோ வர்றாரு பாரு அந்தாண்ட" என்றால் யாரென்று எல்லாருக்கும் தெரியும். அவர் வாயிலிருந்து அதிகம் வந்த வார்த்தை அதுதான். அந்தாண்ட போ. அந்தாண்ட நில்லு. ஏம்பா, அந்தாண்டன்னு சொல்றேன், காதுல வுழல?

அவரிடம் ஒரு பழைய மினி லாரி இருந்தது. டிரைவர் சீட்டுக்குப் பின்னால், லாரியின் தளத்தில், ஒரு வின்ச்சை போல்ட் போட்டு இறுக்கியிருந்தார். பேட்டரியில் ஓடுகிற மோட்டார், இரும்புக் கயிறு சுற்றிய உருளை, கயிற்று நுனியில் கொக்கி. லாரியின் பின்பக்கம் இரண்டு இரும்புச் சட்டங்களைச் சரிவாகச் சாய்த்து வைப்பார். கயிற்றை இழுத்துக்கொண்டு போய், கிடக்கிற மரத்துண்டில் சங்கிலி போட்டுக் கொக்கியை மாட்டுவார். திரும்பி வந்து கையிலிருக்கிற ரிமோட்டை அழுத்துவார். எட்டு ஆள் கடப்பாரை போட்டு, தோள் கொடுத்து, கெட்ட வார்த்தை பேசி ஏற்ற வேண்டிய புளியந்துண்டு, மண்ணைக் கீறிக்கொண்டு தானாக வந்து, சட்டத்தில் ஏறி, லாரியில் படுத்துக்கொள்ளும். ஒற்றை ஆள் வேலை.

எனக்கு விறகுத் தொட்டி. என் புருஷன் ஆரம்பித்தது. அவன் குடித்துச் செத்த பிறகு நான் நடத்துகிறேன். கல்யாணச் சமையல்காரர், பிரியாணிக் கடை, செங்கல் சூளை, சுடுகாடு, எல்லாவற்றுக்கும் என்னிடமிருந்து விறகு போகிறது. மரம் எங்கே விழுந்தாலும் எனக்குச் செய்தி வந்துவிடும். எங்கள் பக்கத்தில் வருஷம் தவறாமல் காற்றடிக்கிறது, மரம் விழுகிறது.

ஒரு புயலுக்கு மறுவாரம் அவர் தொட்டிக்கு வந்தார். வாசலில் நிற்கவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் லாரியை நிறுத்திவிட்டு அங்கிருந்தே கத்தினார்.

"ஏம்மா, மரம் எடுக்கணும்னா சொல்லு. ஒத்த ஆளுதான். கூட யாரும் வரக் கூடாது."

என்னிடம் அப்போது சுமை ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்குத் தலை செல்வராசு. அவன் வாயும் என் வாயைப் போலத்தான்.

"அக்கா, அந்த மிஷின உள்ள வுட்டியானா, எட்டு பேரு சோத்துல மண்ணு."

"எட்டு பேரும் மூணு நாளா புளியமரத்தச் சுத்தி ஒக்காந்து பீடி குடிக்கறீங்க. மரம் இன்னும் ரோட்லதான் கெடக்குது."

"ஈரமா இருக்குதுக்கா."

"அவருக்கு மட்டும் காஞ்சா இருக்குது?"

அந்த மரத்தை அவர் அரை நாளில் எடுத்தார். செல்வராசு அன்றைக்கு என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எட்டு பேரில் நாலு பேர் அந்த வருஷமே இங்கே பக்கத்து மேட்டுப்பாளையத்துக்குக் கம்பெனி வேலைக்குப் போனார்கள். மற்றவர்கள் மரம் அறுக்கவும் விறகு பிளக்கவும் என்னிடமே தங்கினார்கள்.

அவர் வேலை செய்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். வண்டியில் ஒரு டப்பா நிறையச் சுண்ணாம்புத் தூள் இருக்கும். போன உடனே, கொக்கியைத் தொடுவதற்கு முன்னால், மரத்தையும் லாரியையும் சுற்றித் தூளால் ஒரு கோடு போடுவார். கயிறு எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம் தள்ளி. ஊர் விளையாட்டுப் போட்டிக்குக் கோடு போடுவதுபோல நிதானமாக நடந்து போடுவார். பிறகு ஒரு கோணியைத் தண்ணீரில் நனைத்து, இழுத்துக் கட்டிய கயிற்றின் நடுவில் தொங்கப்போடுவார்.

"இன்னாத்துக்கு ஈரக் கோணி?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"கயிறு அறுந்தா வீசும். கழுத்தக்கூட எடுத்துடும். கோணி இருந்தா பாரத்துல கீழ வுழும்."

"அப்ப கோணிதான் இருக்குதே. கோடு எதுக்கு?"

"கோணிய நம்ப முடியாது."

"எங்களயாவது நம்பலாம்ல?"

அவர் என்னைப் பார்த்தார். "அந்தாண்ட போம்மா" என்றார்.

கோட்டுக்குள் யாராவது கால் வைத்தால் சத்தம் போட மாட்டார். வின்ச்சை நிறுத்திவிடுவார். மரத்துண்டின் மேல் போய், எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கால் வெளியே போகிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டார்.

ஒரு ஊரில் புளியமரம் ரோட்டின் குறுக்கே விழுந்து பஸ் நின்றுவிட்டது. வேடிக்கை பார்க்க ஊரே வந்து கோட்டுக்குள் நின்றது. இவர் போய் உட்கார்ந்துவிட்டார். ஊர்ப் பெரிய மனுஷர் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"யோவ், எங்க ஊரு ரோடு, எங்க ஊரு மரம். நாங்க எங்க நிக்கணும்னு நீ சொல்லுவியா?"

"நான் ஒண்ணும் சொல்லலயே."

"அப்ப வேலயப் பாரு."

"நீங்க நில்லுங்க. நான் ஒக்காந்துக்கறேன்."

முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பஸ்ஸிலிருந்தவர்கள் இறங்கி வந்து ஊர்க்காரர்களைத் திட்டினார்கள். கடைசியில் பெரிய மனுஷரே கையை விரித்து எல்லாரையும் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். கடைசிக் கால் கோட்டைத் தாண்டியதும் இவர் எழுந்து பின்பக்கத்துத் தூசியைத் தட்டிவிட்டு ரிமோட்டை எடுத்தார். முகத்தில் கோபமும் இல்லை, ஜெயித்த மாதிரியும் இல்லை.

ஒவ்வொரு ஊரிலும் இப்படி ஒரு தடவை நடந்தது. அதற்குப் பிறகு எல்லாரும் கற்றுக்கொண்டார்கள். அந்தாண்ட உட்கார்ந்தால் நாம் நகர வேண்டும். அவ்வளவுதான். மாடு மேய்க்கிறவர்கள்கூட மாட்டை ஓட்டிக்கொண்டு தள்ளிப் போய்விடுவார்கள். செல்வராசு தொட்டியில் அவரைப் போல நடித்துக் காட்டுவான். விறகுக் குவியல் மேல் முதுகைக் காட்டி உட்காருவான், மற்றவர்கள் சிரித்துக்கொண்டே ஒரு அடி, இரண்டு அடி பின்னால் போவார்கள். நானும் சிரித்திருக்கிறேன். இன்றைக்கு நினைத்தால் வாயில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

வேலை முடிந்தாலும் அவர் அப்படித்தான். டீக்கடையில் எல்லாரும் பெஞ்சில் இருந்தால் இவர் கிளாசை எடுத்துக்கொண்டு லாரியோரம் போய்விடுவார். கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் பந்தல் வாசல் வரைக்கும் வந்து, மொய்யைக் கையில் திணித்துவிட்டுத் திரும்பிவிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு வைத்திருந்தேன். தொட்டியில் அவர் தனியாக உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு போனேன்.

"அங்க வெச்சிட்டுப் போ" என்றார்.

"இன்னா, நாய்க்கு வெக்கற மாதிரி வெச்சிட்டுப் போணுமா? கையில வாங்க மாட்டீங்களா?"

"வெச்சிட்டுப் போம்மா."

வைத்துவிட்டு வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு வந்தேன். சாயங்காலம் கிண்ணம் தேய்த்துக் கழுவி என் மேசைமேல் இருந்தது. உள்ளே இரண்டு கை புளி, கொட்டை எடுத்தது. அவர் வந்து வைத்ததை யாரும் பார்க்கவில்லை. மனுஷனுக்கு நன்றி இருந்தது, நேராக வந்து சொல்லத் தெரியவில்லை.

மாசம் ஒரு தடவை என்னிடம் ஒரு கட்டு விறகு கேட்பார். புளிதான் வேண்டும். நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். முழங்கை நீளம். அதோடு விட மாட்டார், ஒவ்வொன்றும் விரல் தடிமனுக்கு மேல் போகக் கூடாது. விறகா அது? பல் குத்துகிற குச்சி. என் ஆட்கள் பிளந்து கொடுப்பதை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பார். தடிமனாக இருந்தால் ஒதுக்கி வைப்பார்.

"எந்த மகாராணிக்கு இத்தன மெல்லிசா?" என்று கேட்டேன்.

"பொளந்து குடு. இல்லாங்காட்டி நானே பொளந்துக்கறேன்."

அவரே கத்தியை எடுத்து உட்கார்ந்து பிளப்பார். பிளந்ததில் கையில் குத்துகிற சிலாம்பு இருந்தால் அதையும் சீவுவார். எங்கோ கொண்டுபோய் விற்கிறார் போல என்று நினைத்தேன்.

இப்போது கல்லறை விஷயத்துக்கு வருகிறேன்.

நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரக் குடும்பம். எங்கள் கோயில் பங்குக் கல்லறைத் தோட்டத்தில் வசதியானவர்களுக்கு கிரானைட் கல்லறை இருக்கிறது, பெயர் இருக்கிறது, படம்கூட இருக்கிறது. என் புருஷனுக்கு மண்மேடுதான். சுற்றிச் செங்கல் நட்டிருக்கிறேன். மரச்சிலுவை இரண்டு மழையில் மக்கிப் போனது, பிறகு வைக்கவில்லை. வாரா வாரம் பூசை முடிந்து அங்கே போவேன். ஜெபம் சொல்ல இல்லை, திட்ட. தொட்டியில் அந்த வாரம் யார் ஏமாற்றினார்கள், எந்த ஆள் வரவில்லை, எந்த இடத்தில் ஒழுகுகிறது, எல்லாவற்றையும் சொல்லி, நீ இருந்திருந்தால் இதெல்லாம் நான் பார்ப்பேனா என்று திட்டிவிட்டு வருவேன். வீட்டில் பேச யாருமில்லை. அவன்தான் பதில் பேசாமல் கேட்கிற ஆள்.

ஒரு ஐப்பசி நடுவில், கல்லறைத் திருநாளுக்கு மூன்று நாள் இருக்கும்போது, தோட்டத்தில் நின்ற தூங்குமூஞ்சி மரம் சாய்ந்துவிட்டது. அடிப்பக்கம் வேரோடு மதில்மேல். நடுமரம் ஒரு பணக்காரக் கல்லறைமேல். நுனிப்பக்கம் என் புருஷன் மேட்டுக்கு ஒரு சாண் மேலே அந்தரத்தில் தொங்கியது. அறுத்தால் நேராக மேட்டின் மேல் விழும். பொக்லைன் கொண்டுவந்து இழுத்துப் போட்டுவிடலாம் என்று பங்குப் பேரவையில் பேசினார்கள். பொக்லைன் வந்தால் கிரானைட் நிற்கும், மண்மேடுகள் நிற்காது. பத்துப் பதினைந்து மேடு ஒன்றாகத் தரையாகிவிடும். எது யாருடையது என்று அப்புறம் யாருக்கும் தெரியாது. தெரியாத இடத்தில் அடுத்த பிணத்தைப் புதைத்துவிடுவார்கள்.

அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பக்கத்தில் உறுதியாக நின்ற வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"இது ஒத்த ஆளு வேல இல்ல. நான் வர்ல."

"ஏன்?"

"வேம்புல கப்பி கட்டி, கயிறு மேல போயி தூக்கிடும். அறுத்ததும் துண்டு ஊஞ்சல் மாதிரி ஆடும். பின்னாலயிருந்து இன்னொரு கயிறு கட்டி ஒரு ஆளு புடிச்சிக்கினு இருக்கணும். கோட்டுக்குள்ள நிக்கணும்."

"நான் நிக்கறேன்."

"வேணாம்."

"எனக்குக் கையில பலம் இருக்குது. மூட்ட தூக்கறவ நான்."

"பலம் இல்ல விஷயம். வேணாம்னா வேணாம்."

எனக்கு வந்தது பாருங்கள்.

"யோவ், கீழ கெடக்கறது என் ஆளு."

"செத்தவருதான."

"செத்தவந்தான். குடிச்சிச் செத்தவந்தான். இந்த மேடு போச்சின்னா எந்த மண்ணப் பாத்து நான் திட்டறது? ஒனக்கு யாரும் வேணாம். கோடு போட்டுக்கினு நீ நிம்மதியா இருக்கற. எனக்கு அப்டி இல்ல."

அவர் அங்கே ஒரு கல்லறை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். வழக்கம்போல முதுகைக் காட்டி. நான் நகரவில்லை. ரொம்ப நேரம் கழித்து திரும்பிப் பார்க்காமலே பேசினார்.

"என் பொண்டாட்டிதான் கூட நின்னா. வின்ச்சு வாங்குன புதுசு. அவ கொக்கிய மாட்டிக்கினு இருந்தா. நான் சட்டத்தப் பாத்துக்கினு இருந்தேன், சரியா இருக்குதான்னு. அவளப் பாக்கல. அழுத்திட்டேன்."

"செத்துட்டாங்களா?"

"இல்ல. சங்கிலிக்கும் மரத்துக்கும் நடுவுல கை. வலது கையில மூணு வெரலு போச்சி."

"இப்ப எங்க இருக்காங்க?"

"செலியமேடு. அவ அம்மா வூட்ல. அம்மாவும் செத்துட்டாங்க. தனியாதான் இருக்கறா."

"வுட்டுட்டுப் போயிட்டாங்களா?"

"அவ போவல. நான்தான் கொண்டுபோயி வுட்டேன். என் கிட்ட இருந்தா இன்னும் இன்னா ஆவுமோ."

"அப்பறம் போயிப் பாக்கவே இல்லயா?"

"மாசா மாசம் வெறகு போடறேன். கேட்டாண்ட வெச்சிட்டு வந்துடுவேன்."

இரண்டு விரலால் எடுக்கிற மாதிரி விறகு. சிலாம்பு ஏறாத மாதிரி சீவிய விறகு. மகாராணிக்கா என்று கேட்டேனே, என் நாக்கு அழுகிப் போகாதா.

அப்புறம் அவர் எழுந்தார். வேம்பில் ஏறிக் கப்பியைக் கட்டினார். துண்டின் பின்பக்கம் நூல்கயிறு கட்டி, அதைக் கல்லறைத் தோட்டத்துக் கேட்டின் கல்தூணில் இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை என் இடது கையில் கொடுத்தார். அவர் நேராக என் கையில் கொடுத்தது அதுதான் முதல் தடவை. சுற்றிய கயிறு பாரத்தைத் தாங்கும், நான் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் போதும்.

"வலது கைய மேல தூக்கு. அஞ்சு வெரலயும் விரிச்சிக் காட்டு. நான் பாத்துட்டுத்தான் அழுத்துவேன். ஒவ்வொரு வாட்டியும் காட்டணும்."

அன்றைக்கு எத்தனை தடவை கையைத் தூக்கினேன் என்று தெரியாது. அவர் மரத்தைப் பார்க்கவில்லை, என் விரல்களைப் பார்த்தார். வாய்க்குள் எண்ணினார். அஞ்சு வந்த பிறகு ஒரு தட்டு அழுத்துவார், நிறுத்துவார். மறுபடி அஞ்சு. கயிறு முழுக்க இறுகியதும் ரம்ப மெஷினால் கல்லறையோரம் அறுத்தார். துண்டு படபடவென்று முறிந்து ஒரு ஆட்டம் ஆடியது. கல்தூணில் கயிறு கிறீச்சிட்டது, என் தோள் பிடுங்கிக்கொண்டு போவதுபோல இருந்தது. நான் கையை விடவில்லை, ஆட்டம் அடங்க அடங்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினேன். மேட்டுக்கு மேலாக, ஒரு செங்கல்லைக்கூடத் தொடாமல், அது பாதையில் போய்ப் படுத்தது. இலைதான் கொட்டியிருந்தது. பெருக்கிவிட்டேன்.

அவர் கொக்கியைக் கழற்றப் போனார். நான் சொன்னேன்.

"என் ஆளு மண்ணுக்குள்ள கெடக்கறான். வாரா வாரம் வந்து திட்டிட்டுப் போறேன். ஒன் ஆளு உசுரோட இருக்கறாங்க. உள்ள போயி ஒரு வாட்டி திட்டு வாங்கிட்டு வாய்யா. இன்னா கொறஞ்சி போயிடும்?"

"பாக்கலாம்" என்றார்.

அடுத்த மாசம் விறகுக்கு வந்தபோது கேட்டேன்.

"போனீங்களா?"

"போனேன்."

"உள்ள?"

"கேட்டாண்ட வெச்சேன். அவ வாசல்ல வந்து நின்னா. பாத்தா."

"நீங்க?"

"கொஞ்ச நேரம் அந்தாண்ட நின்னேன். வந்துட்டேன்."

"கூப்ட்டாங்களா?"

"தெரியல. இன்ஜின் ஓடிக்கினு இருந்துது."

அவரைக் கழுத்தைப் பிடித்து அங்கேயே விறகோடு விறகாகப் பிளந்திருக்க வேண்டும். நான் செய்தது, விறகை எடைபோட்டுக் கொடுத்ததுதான். அப்படியே மேலும் மூன்று வருஷம் போனது. மாசம் ஒரு கட்டு, விரல் தடிமன், சிலாம்பு இல்லாமல். நான் ஒவ்வொரு தடவையும் கேட்டேன், அவர் ஒவ்வொரு தடவையும் பாக்கலாம் என்றார்.

போன மழைக்காலம் முடிந்த சமயம். அபிஷேகப்பாக்கத்தில் ஒரு வயலோரம் வேப்பமரம் விழுந்திருந்தது. அறுத்துக் கொடுக்க செல்வராசுவும் இன்னும் மூன்று பேரும் அவரோடு போயிருந்தார்கள். மத்தியானம் செல்வராசு என்னிடம் வந்து நின்றான்.

"அந்தாண்ட போயிட்டாருக்கா."

"எங்க போயிட்டாரு?"

"செத்துட்டாரு."

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"காலையில கோடு போட்டாருக்கா. கோணிய நனச்சிப் போட்டாரு. ரெண்டு துண்டு ஏத்திட்டாரு. மூணாவதுக்கு கொக்கி மாட்டிட்டு, அப்டியே துண்டு மேல ஒக்காந்தாரு. முதுவ காட்டிக்கினு. நாங்க கீழ பாத்தோம், ஒருத்தன் காலு கோட்டு மேல இருந்துது. அவனத் திட்டிட்டு எல்லாரும் பின்னால போனோம். அப்பவும் ஏந்திரிக்கல. சரி, இன்னும் கோவம் போலன்னு வரப்பு வரைக்கும் போனோம். அப்பவும் ஏந்திரிக்கல. வயல்ல நின்ன பொம்பளைங்களையும் போவச் சொன்னோம். ஒருத்தன் போயி வேர்க்கடல வாங்கியாந்தான். தின்னுக்கினு நின்னோம்."

"எவ்ளோ நேரம்?"

"தெரியலக்கா."

"எவ்ளோ நேரம்டா?"

"வண்டி ஓடிக்கினே இருந்துது. பேட்டரிக்காவ போட்டு வெப்பாரு இல்ல. டீசல் தீந்து அதுவா நின்னுச்சி. அப்பறந்தான் எங்களுக்கு ஒரு மாதிரி ஆச்சி. பக்கத்துல போனா, சரிஞ்சி கெளைல சாஞ்சி கெடந்தாரு. கை நெஞ்சு மேல இருந்துது."

நான் அவனை அறைந்தேன். அவன் வாங்கிக்கொண்டான். அவனை அறைந்து என்ன பிரயோஜனம். நான் அங்கே இருந்திருந்தால் நானும் வரப்புக்குத்தான் போயிருப்பேன். அந்த ஆள் எங்கள் எல்லாருக்கும் பத்து வருஷம் பாடம் எடுத்திருந்தார். நான் உட்கார்ந்தால் நீங்கள் நகர வேண்டும். நாங்கள் ஒழுங்காகப் படித்திருந்தோம்.

அவருடைய அண்ணன் மகன் ஒருவன் கொள்ளி வைக்க வந்தான். விறகு என் தொட்டியிலிருந்து போக வேண்டும். அதற்கு முன்னால் செலியமேட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அவருடைய லாரியில் டீசல் ஊற்றி, செல்வராசுவை ஓட்டச் சொல்லி, அதிலேயே போனேன்.

வாசலில் அந்த அம்மா நின்றாள். லாரிச் சத்தம் கேட்டு வந்திருக்க வேண்டும். ஓட்டுகிற ஆளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் சுற்றி வளைக்கத் தெரியாதவள். சொல்லிவிட்டேன். எப்படி என்று கேட்டாள். அதையும் சொன்னேன், வேர்க்கடலை வரைக்கும்.

அவள் அழவில்லை. வலது கையை முந்தானையில் சுற்றி வைத்திருந்தாள். "உள்ள வாங்க" என்றாள்.

கேட்டுக்குள்ளே, மதிலோரம் முழுக்க விறகு. ஒரே மாதிரி விறகு. முழங்கை நீளம், விரல் தடிமன். அடியில் இருந்தது கறையான் தின்று மண்ணாகிப் போயிருந்தது. மேலே போகப் போகப் புதுசு. உச்சியில் போன மாசம் நான் எடைபோட்டுக் கொடுத்த கட்டு, என் தொட்டிக் கயிறுகூட அவிழ்க்காமல். ஒரு குச்சிகூட எரிக்கவில்லை. சமையல்கட்டில் கேஸ் அடுப்பு இருந்தது.

"ஏம்மா எரிக்கல?" என்றேன்.

"கேட்டாண்ட வெச்சிட்டுப் போவாரு. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு உள்ள எடுத்தாந்து வெச்சிருந்தா, அடுப்பு மூட்டி சோறு ஆக்கியிருப்பேன். அதுக்குத்தான் எடுத்து வெச்சேன்."

"நீங்க கூப்ட்டிருக்கலாமே?"

"கூப்ட்டேன். ஒரு வாட்டி இல்ல. அவரு இன்ஜின நிறுத்தவே மாட்டாரு."

அவள் அந்தக் குவியல் பக்கம் திரும்பினாள். பிறகு சொன்னாள்.

"இத்த எடுத்துக்கினு போங்க. அவரு வெச்சதுதான். அவருக்கே ஆவட்டும்."

செல்வராசு லாரியைத் திருப்பி, பின்பக்கமாகக் கேட்டுக்குள் விட்டான். அந்த லாரி அந்த கேட்டுக்குள் போனது அதுதான் முதல் தடவை. குறுகலான கேட், பக்கத்துக்கு அரைச் சாண்தான் இடம். அந்த அம்மா மதிலோரம் நின்றிருந்தாள். என் வாய் பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டது.

"அந்தாண்ட நில்லுங்கம்மா."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னும் எவ்ளோ தூரம்?" என்றாள்.

லாரி நின்றது. செல்வராசு இன்ஜினை அணைத்தான். அவள் முந்தானையை அவிழ்த்துக் கையை வெளியே எடுத்தாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இருந்தன. அந்த இரண்டால் மேலேயிருந்து ஒரு விறகை எடுத்தாள். சரியாகப் பிடிபட்டது. வின்ச்சுக்கு எதிரே, லாரியின் தளத்தில் அதை வைத்தாள். திரும்பி அடுத்ததை எடுக்கப் போனாள். ஒவ்வொன்றாகத்தான் ஏற்றினாள். நாங்கள் அவசரப்படுத்தவில்லை.